ஒரே கடிவாளம், வெவ்வேறு பாடம்

நுவரெலியாவின் பந்தயக் குதிரைக்கும், வாவிக்கரையிற் பிள்ளைகளைச் சுமக்கும் மட்டக்குதிரைக்கும், முன்னாளில் துரைமாரைச் சுமந்த தோட்டத்துக் குதிரைக்கும் கற்பிக்கப்பட்டவை வேறு வேறு. இந்த வேறுபாட்டை மறந்தால், அதன் விலையைக் குதிரையும் கொடுக்கிறது, மனிதனும் கொடுக்கிறான்.

சித்திரை மாதத்தில் நுவரெலியாவின் வசந்த காலம் தொடங்கியதும், வட்டவளை, றொசல்ல, ஹற்றன், கொட்டகலை என்று புகையிரதப் பாதை நெடுகிலும் உள்ள தோட்டங்களிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு புறப்பட்டு, நானுஓயாவில் இறங்கி மேலே ஏறிச் செல்லும் நம்மவர்கள், அந்நகரத்திற் குதிரையை இரண்டு கோலங்களிற் காண்கிறார்கள். ஒன்று, பந்தயத் திடலின் புல்தரையில், முதுகில் ஜொக்கி குந்தியிருக்க, கண் இமைப்பதற்குள் கடந்து மறையும் உயர்சாதிக் குதிரை. மற்றொன்று, அத்திடலுக்குக் கூப்பிடு தூரத்தில் கிரகரி வாவிக்கரையில், கூலிக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, கயிறு பிடித்தவன் பின்னால் தலை தாழ்த்தி நடக்கும் மட்டக்குதிரை. முன்னதைக் கண்டு வியப்பவர்களும் பின்னதைக் கண்டு இரங்குபவர்களும், இரண்டுக்குமிடையே உள்ள வித்தியாசம் சாதியாலும் தீனியாலும் வந்ததென்று எண்ணி அமைதி கொள்கிறார்கள். அவற்றினும் பெரிய வித்தியாசம் கல்வியில் இருக்கிறது. வாரைப் பிடித்து இழுத்தால் நிற்க வேண்டும் என்று உலகம் நினைக்கிறது. ஆனால் பந்தயக் குதிரைக்கு அந்த இழுப்பு, சாய்ந்து இன்னும் விரைவதற்கு ஓர் ஊன்றுகோல். வாவிக்கரைக் குதிரைக்கோ, நாள் முழுதும் ஏறி இறங்கும் பிள்ளைகள் விளையாட்டாக இழுக்கும் ஆயிரம் இழுப்புகளுள் அதுவும் ஒன்று, அதாவது பொருளற்ற ஒன்று.

குதிரை எதைக் கற்றதோ அதையே செய்கிறது. எனவே எந்த இலட்சியத்துக்காக அது பழக்கப்பட்டது என்று கேளாமல் அதன் மீது ஏறுபவனும், அதை வாங்குபவனும், அதன் குணத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறுபவனும் இருட்டிலேயே நடக்கிறார்கள்.

துரைமாரின் குதிரை

மலைநாட்டிற் குதிரை காட்சிப் பொருளாவதற்கு முன்னர் ஒரு வேலையாளாக இருந்தது. புகையிரதம் 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டுவதற்கு முன்பும், மோட்டார் வாகனங்கள் தோட்டத்துப் பாதைகளிற் புகும்வரை அதன் பின்பும், மலை மலையாகச் சுற்றிவந்து வேலை பார்க்க வேண்டிய துரைக்குக் குதிரையே கால். துரை குதிரை மேற் போக, அவருக்குப் பின்னால் மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டமும் நடையுமாகச் சென்று, அவர் இறங்கிய இடத்தில் வாரைப் பிடித்துக்கொண்டு நின்று, மாலையில் அதன் வியர்வையைத் துடைத்துப் புல் வைத்துக் குளம்பைப் பார்த்த குதிரைக்காரர்கள் பெரும்பாலும் நம் தமிழ்ச் சனங்கள். துரைமார் எழுதிய நினைவுக் குறிப்புகளிற் குதிரைக்குப் பெயர் இருக்கும். குதிரைக்காரனுக்குப் பெயர் இராது.

அந்தக் குதிரைக்கு வேகம் இரண்டாம் பட்சமான குணம். மழையில் வழுக்கும் ஒற்றையடிப் பாதையிற் கால் பார்த்து வைப்பது. ஒரு பக்கம் சரிவும் மறுபக்கம் கானுமாக இருக்கும் இடத்திற் பதறாமல் நடப்பது. பிரட்டுக் களத்திற் தப்பு அதிர்ந்தாலும், முதுகிற் கூடை சுமந்த பெண்கள் கூட்டமாக எதிரே வந்தாலும் மிரளாதிருப்பது. ஏறியவர் இறங்கினால் இருந்த இடத்தில் நிற்பது: இவையே அதன் பாடங்கள். இவற்றை ஒரு வட்ட மைதானத்திற் கற்பிக்க இயலாது. பாதையே அதற்குப் பள்ளிக்கூடம். நாள்தோறும் கூட நடந்த குதிரைக்காரனே உபாத்தியாயர்.

இந்த நிதானத்துக்குப் போர்க்களத்திலும் ஒரு பிரயோசனம் இருந்தது. 1892இல் இலங்கையில் தோற்றுவிக்கப்பட்டு, தோட்டத் துரைமார் பலர் சேர்ந்திருந்த குதிரையேறு காலாட்படை, 1900இல் தென்னாபிரிக்கப் போருக்கு ஒரு பிரிவை அனுப்பியது. அத்தகைய படையில் வீரன் குதிரை மேலிருந்து வாள் வீசுவதில்லை. களம்வரை குதிரையில் விரைந்து, இறங்கி நின்று துப்பாக்கியால் சுடுவான். நால்வரில் ஒருவன் மற்ற மூவரின் குதிரைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வது இவ்வகைப் படைகளின் முறை. ஆகவே அந்தக் குதிரைக்குப் பாய்ச்சலைக் காட்டிலும், வெடிச்சத்தத்தின் நடுவே அந்நியக் குதிரைகளோடு நெருங்கிச் சும்மா நிற்பதுதான் முதற் பாடம். 1938இல் அப்படை தன் தனி வாழ்வை முடித்துக்கொண்டது.

எல்லாப் பயிற்சிக்கும் அடிப்படை

குதிரை, புல் மேயும் பிராணி. புலிக்கும் ஓநாய்க்கும் இரையாவதிலிருந்து ஓடித் தப்பியே இனத்தைக் காத்துக்கொண்டது. தலையின் இருபுறமும் அமைந்த கண்களால் ஏறத்தாழ முழு வட்டத்தையும் காணும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டுமே அதற்குக் குருட்டிடம். தோலில் ஓர் ஈ அமர்ந்தாலும் அந்த இடத்துச் சதையை மட்டும் சிலிர்த்து அதை ஓட்டிவிடும் நுண்ணுணர்வு உடையது. இத்தகைய சுபாவம் கொண்ட பிராணிக்கு அடி அளவு கடந்த பாஷை. வலி அதற்குக் கற்பிப்பது ஓட்டத்தை மட்டுமே.

தேர்ந்த பயிற்சியாளன் கைக்கொள்வது வேறொரு முறை. காலால் விலாவை மெல்ல அழுத்துகிறான். குதிரை ஓரடி முன்வைக்கிறது. வைத்த அந்தக் கணமே அழுத்தம் நீங்குகிறது. குதிரை பாடம் கற்பது அழுத்தத்தினாலன்று, அழுத்தம் நீங்கியதனால். அந்த நீக்கம் சற்றே பிந்தினால், அதற்குள் குதிரை செய்த வேறு ஏதோ ஒரு செய்கைக்கு, தலை உதறியதற்கோ வால் வீசியதற்கோ, அது பரிசாகப் போய்விடும். நீங்காமலே இருந்தாலோ, அழுத்தம் என்பது வானிலையைப் போலப் பொறுத்துக்கொள்ள வேண்டியதொன்று என்று குதிரை முடிவுகட்டிவிடும். வாய் மரத்த குதிரை, விலா மரத்த குதிரை என்று நாம் சொல்பவை இவ்வாறு உண்டானவையே. ஏறக்குறைய இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் வாழ்ந்த செனபோன், குதிரையேற்றம் பற்றிய தம் நூலில், வற்புறுத்திச் செய்விப்பதைக் குதிரை விளங்கிக்கொள்ளாமலே செய்கிறது என்ற கருத்தை வற்புறுத்தியதும் இந்த இரகசியத்தை உணர்ந்தே.

நம் மரபும் இதனை அறியாததன்று. ருதுபர்ணனின் தேரை ஓட்டிய நளன் அசுவ ஹிருதயம் அறிந்தவனென்றும், பாண்டவருள் நகுலன் பரி நூலில் வல்லவனென்றும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் அசுவாத்தியட்சனின் கடமைகளைக் கூறுமிடத்தில், வட்டமாகச் சுழலும் வல்கனம், அடக்கமான நீசைர்கதம், தாவும் லங்கனம், விரையும் தோரணம் என்ற கதிகளோடு, குறிப்பறிந்து இயங்கும் நாரோஷ்டிரத்தையும் ஐந்தாவதாக எண்ணுகிறது. ஏறியவனின் சிறு சமிக்ஞையை அறிந்து நடப்பதையே ஒரு தனிக் கதியாக வகுத்த அந்தக் கண், இன்றைய ஐரோப்பியப் பயிற்சியாளனின் கண்ணுக்குச் சற்றும் குறைந்ததன்று.

ஓட்டத்துக்கு ஒரு பாடம்

1875இல் ஆங்கிலேயர் அமைத்த நுவரெலியாப் பந்தயத் திடல், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. கொழும்பு ரீட் மாவத்தையில் 1893இல் திறக்கப்பட்டு, இரண்டாம் உலக யுத்த காலத்தில் விமானத் தளமாகவும் பயன்பட்ட திடலில் 1950களின் நடுப்பகுதியோடு குதிரைப் பந்தயம் ஓய்ந்துவிட, இன்று இலங்கையில் குதிரைப் பந்தயம் என்றாலே நினைவுக்கு வருவது நுவரெலியாதான். அங்கும் ஆளுநர் கிண்ணத்துக்கான ஓட்டமே பருவத்தின் சிகரம்.

அங்கே ஓடும் உயர்சாதிக் குதிரைகள், மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட டார்லி அராபியன், கொடொல்ஃபின் அராபியன், பயர்லி டேர்க் என்ற மூன்று ஆண் குதிரைகளைத் தந்தை வழி மூலமாகக் கொண்டவை. இரண்டு வயதிலேயே முதுகிற் சுமை ஏற்றிப் பழக்கப்படும் இவற்றின் கல்வி மிகச் சுருக்கமானது: கூட்டில் நிற்க வேண்டும், கதவு திறந்ததும் பாய வேண்டும், மற்றக் குதிரைகளின் நெரிசலில் ஒதுங்காமல் ஓட வேண்டும், கேட்கும்போது மிச்சமிருந்த பலத்தையும் கொடுக்க வேண்டும். விடியற்காலையில் நடை, பின்னர் மெல்லோட்டம், வாரத்திற் சில நாட்கள் மட்டும் முழுவேகப் பாய்ச்சல் என்று பயிற்சியாளன் ஏற்றி இறக்கி அமைக்கும் கிரமமெல்லாம், இதயத்தையும் நுரையீரலையும் எலும்பையும் அந்த ஒரு சில நிமிடங்களுக்கு ஆயத்தப்படுத்துவதே.

நான்கு காலும் தரையை விட்டெழும் பாய்ச்சலிற் குதிரை ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு என்ற கணக்கிலேயே சுவாசிக்கிறது. மனிதனைப் போல நினைத்தபோது மூச்சைக் கூட்டிக்கொள்ள அதனால் முடியாது. இதயம் நிமிடத்துக்கு இருநூறு தடவைக்கு மேலும் துடிக்க, மண்ணீரல் தான் சேமித்து வைத்திருந்த செங்குருதிக் கலங்களை இரத்தத்திற் கொட்டுகிறது. நுவரெலியாவின் உயரத்திற் காற்றின் அழுத்தம் கடற்கரையை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதைச் சேர்த்துப் பார்த்தால், சமவெளியிலிருந்து மலையேறி வரும் குதிரையை வந்தவுடன் முழுவேகத்தில் விரட்டுவது எத்தகைய அவிவேகம் என்பது விளங்கும்.

பிற கலைகள், பிற இலட்சியங்கள்

இதற்கு நேர் எதிர்த்திசையில் நிற்பது, ஐரோப்பியர் டிரெசாஜ் என்று வழங்கும் நடைக்கலை. வியன்னா நகரத்து ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி பதினாறாம் நூற்றாண்டிலிருந்து பேணிவரும் அந்த வித்தையில், அறுபது மீற்றர் நீளமும் இருபது மீற்றர் அகலமும் கொண்ட களத்துக்குள், குதிரை தன் பாரத்தைப் பின்னங்கால்களுக்கு மாற்றி, முன்பாகம் இலேசாகி, நின்ற இடத்திலேயே தாளம் தவறாமற் கால் எடுத்து வைக்கும் அளவுக்குப் பக்குவப்படுகிறது. ஜெர்மானியர் இதற்குத் தாளம், தளர்வு, வாரோடு இசைவு, உந்துதல், நேர்மை, ஒடுக்கம் என்று ஆறு படிகளை வகுத்து, ஒன்றைக் கடக்காமல் அடுத்ததற்குப் போகக்கூடாதென்று விதித்தார்கள். பந்தயக் குதிரை தன் தொழிலை முடித்து ஓய்வு பெறும் வயதில், நடைக்கலைக் குதிரை பாதிப் படியே ஏறியிருக்கும்.

தடை தாண்டும் கலையிற் புரட்சி செய்தவர் இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெதெரிகோ கப்ரில்லி (1868–1907). அவருக்கு முன்னிருந்தவர்கள் தாண்டும்போது பின்னால் சாய்ந்து வாரை இழுத்துக்கொண்டிருக்க, அவரோ குதிரையின் தலையையும் கழுத்தையும் விட்டுக்கொடுத்து, ஏறியவன் அங்கவடியில் எழுந்து முன்னே சாய்ந்து, குதிரை தானே தூரத்தைக் கணித்துத் தாவும்படி விட வேண்டுமென்றார். இங்கே பயிற்சியின் இலட்சியம் கீழ்ப்படிதல் மாத்திரமன்று. தீர்மானிக்கும் தைரியமும் ஆகும்.

மணிப்பூரிலிருந்து உலகெங்கும் பரவிய போலோவில், 300 யார் நீளத் திடலில் வலக்கை கோலை வீச, இடக்கை ஒன்றினாலேயே நான்கு வார்களையும் பிடித்து, கழுத்தில் வார் உரசிய மாத்திரத்திலே குதிரை திரும்பவும், முழுவேகத்திலிருந்து சட்டென நிற்கவும், எதிரியின் குதிரையைத் தோளால் நெருக்கவும் பழக்கப்படுகிறது. சவாரியில் ஒரே நாளில் 160 கிலோமீற்றர் கடக்கும் நெடும்பயணப் போட்டியிலோ, இடையிடையே மிருக வைத்தியர் நாடியைப் பார்த்து, அது நிமிடத்துக்கு 64க்குக் குறித்த நேரத்துள் இறங்காவிட்டால் குதிரையை விலக்கிவிடுவார். முதலில் வந்த குதிரையும் வைத்தியர் ஒப்பினாலன்றி வென்றதாகாது. ஆறுதலடையும் திறமையே அங்கே பரிசுக்குரிய பொருள். கொழும்பில் அரச வைபவங்களில் அணிவகுக்கும் பொலிஸ் குதிரைக்கோ, கொடி, குடை, பட்டாசு, கூச்சல் ஆகியவற்றைச் சிறுகச் சிறுகக் காட்டி, ஒவ்வொன்றையும் பொருட்படுத்தாதிருக்கப் பழக்குகிறார்கள். ஒன்றுக்கு விழிப்பு குணம். மற்றொன்றுக்கு அலட்சியம் குணம்.

இந்நாட்டிலேயே எந்தப் பாடமும் கேளாத குதிரைகளும் உண்டு. போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவையும் ஒல்லாந்தர் இனம் பெருக்கியவையுமான குதிரைகளின் சந்ததி, நெடுந்தீவின் புற்றரைகளில் நூற்றுக்கணக்கில் இன்றும் சுதந்திரமாய்த் திரிகிறது. மனிதன் கற்பிக்காவிடத்தும் தாயும் மந்தையும் கற்பிக்கின்றன என்பதற்கும், குதிரைக்குப் பிறவியிலேயே கெட்ட குணமென ஒன்று இல்லை என்பதற்கும் அவை சாட்சி.

பாடம் மாறாமல் வேலை மாறினால்

இப்போது நம் மலைநாட்டு விஷயத்துக்கு வருவோம். பந்தயக் குதிரையின் ஓட்ட ஆயுள் சொற்பம். அதன் உயிரின் ஆயுளோ இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல். ஓடி ஓய்ந்த குதிரை, வாவிக்கரைச் சவாரிக்கு வருவதும் உண்டு. எவராலும் கவனிக்கப்படாமல் நுவரெலியாத் தெருக்களிற் குப்பை மேய்ந்து திரிவதும் உண்டு. முன்னதைப் பலரும் ஒரு நல்ல முடிவென்று கருதுகிறார்கள். பயிற்சி மாற்றப்படாத நிலையில் அது அவ்வளவு நல்ல முடிவன்று.

அந்தக் குதிரைக்கு என்ன தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். ஏறுபவனுக்காக அசையாது நிற்க அதற்குத் தெரியாது. ஏனெனில் பந்தயத் திடலில் அது நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் ஜொக்கியின் முழங்காலைப் பிடித்துத் தூக்கி மேலே ஏற்றிவிடுவார். வார் இறுகினால் நிற்க அதற்குத் தெரியாது. அந்த இறுக்கத்தின் மேற் சாய்ந்தே அது சமநிலை பெற்று ஓடியிருக்கிறது. மற்றொரு குதிரை பின்னால் நெருங்கினால் பொறுமையாயிருக்கத் தெரியாது. நெருங்கும் குதிரையை முந்துவதே அது கற்ற ஒரே நீதி. இந்தக் குதிரை மேல் ஏழு வயதுப் பிள்ளையை இருத்தி, பிள்ளை பயந்து வாரை இறுகப் பற்றி, குதிகாலால் விலாவையும் அணைத்துக்கொண்டால், குதிரைக்கு எட்டும் கட்டளை எது? நிற்காதே என்பதும் ஓடு என்பதுமே. பின்னர் விபத்து நேர்ந்தால், வெறி பிடித்த குதிரை என்பார்கள். அது வெறியன்று, மனப்பாடம்.

இதைத் திருத்தும் வழி அறியப்படாததன்று. பல நாடுகளில் ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளுக்கு மறுகல்வி அளிக்கும் ஒழுங்குகள் உள. முதலிற் சில மாதங்கள் தானியத்தைக் குறைத்துப் புல்லை மிகுத்து, முதுகிற் சுமையின்றி மேய விடுகிறார்கள். அதன்பின் நீண்ட கயிற்றிற் பிடித்து இரு திசைகளிலும் வட்டமாக நடத்தி, ஒரே பக்கம் வளைந்து ஓடியதால் இறுகிப்போன தசைகளைத் தளர்த்துகிறார்கள். ஏறுபடிக்கு அருகில் நிற்கவும், வார் இறுகி உடனே தளர்ந்தால் அது நிற்கச் சொன்னதென்றும், விலாவில் அழுத்தம் என்பது பாய்ச்சலுக்கன்று ஓரடிக்கே என்றும், எழுத்துக்கூட்டிப் படிப்பிப்பது போலத் தொடக்கத்திலிருந்து கற்பிக்கிறார்கள். சில குதிரைகளுக்குச் சில மாதங்கள், சிலவற்றுக்கு ஓராண்டுக்கு மேல் ஆகும். எந்தக் காலத்திலும் பிள்ளைகளுக்கு ஏற்காத குதிரைகளும் இருக்கும்; அவற்றைப் பிள்ளைகளிடம் கொடாதிருப்பதும் கல்வியின் ஒரு பகுதியே.

பிறவியிலேயே சாந்தமான மட்டக்குதிரையையும் மறக்கலாகாது. விடுமுறை நாளெல்லாம் முன்பின் அறியாதவர்களைச் சுமந்து, பொருளற்ற இழுப்புகளைப் பொறுத்துப் பொறுத்து வாய் மரத்த அந்தப் பிராணிக்கு வேண்டுவது பெரிய வித்தையன்று. ஏறும் பிள்ளையின் கையில் வாரைக் கொடாமல் சேணத்து முன்பிடியைப் பற்றச் செய்தாலே அதன் வாய் பிழைக்கும். சவாரிகளுக்கிடையே சேணத்தைத் தளர்த்தித் தண்ணீர் காட்டினால் முதுகும் பிழைக்கும்.

கேட்க வேண்டிய கேள்வி

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அங்கே ஆண்டுதோறும் பெருந்தொகைக் குதிரைகள் கடல் வழியே வந்திறங்குவதையும், பேணும் வகை அறிந்தவர்கள் இல்லாமையால் அவற்றுட் பெரும்பாலானவை விரைவில் மடிவதையும் எழுதிவைத்தார். வாங்குவதற்குப் பொன் இருந்தது. வளர்ப்பதற்கு அறிவு இல்லை என்பது அவர் கருத்து. அவர் கூற்று மிகையாகவே இருக்கட்டும். அந்தக் குற்றச்சாட்டு நம் காலத்துக்கும் பொருந்தாதென்று துணிந்து மறுக்க நம்மால் இயலுமா?

குதிரையை விலைபேசும்போது வயதும் பல்லும் காலும் பார்ப்பது வழக்கம். அதனோடு, இதற்கு இதுவரை எவர் என்ன கற்பித்தார், இனி எதைச் செய்ய வேண்டுமென்று எதிர்பார்க்கிறோம், இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை யார் எவ்வளவு காலத்தில் நடத்திக் கடப்பிப்பார் என்று கேட்பதையும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பந்தயத்தால் வருமானம் பெறுபவர்கள், ஓடி ஓய்ந்த குதிரையின் மறுகல்விக்கும் மேய்ச்சலுக்கும் அந்த வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்குவதும், சவாரிக்கு விடப்படும் ஒவ்வொரு குதிரையையும் அதற்குமுன் தகுந்தவர் ஒருவர் ஏறிப் பார்த்து ஒப்புவதும் பெருஞ்செலவுக்குரிய காரியங்களல்ல. கயிறு பிடித்து நடக்கும் நம் இளைஞர்களுக்கு முறையான பயிற்சி அளித்தால், குதிரைக்குப் பின்னால் ஓடிய அந்தப் பெயரற்ற குதிரைக்காரர்களின் பேரப்பிள்ளைகள், குதிரைக்கு முன்னால் நின்று கற்பிக்கும் உபாத்தியாயர்களாக, பெயரோடும் தகுந்த ஊதியத்தோடும் வாழ்வார்கள்.